வாசகர் கேள்வி: காருக்கு அடியில் அல்ல, பெயின்ட்டுக்கு அடியில்

சென்ற இதழில் துருவைப் பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதும்போது, "உங்கள் வாசலில் நிற்கும் காரின் பெயின்ட்டுக்கு அடியில், பொலிவியாவுக்கே போய்த் தேடினாலும் எளிதில் அகப்படாத ஒரு கல் இருக்கக்கூடும், அதன் பெயர் பாஸ்போபிலைட்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ஆசிரியர் அதை வெட்டியிருக்கலாம், வெட்டவில்லை. இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு உலுக்குகின்றன. ஆகவே இம்முறை எறும்புப் பொடி, இன்வெர்ட்டர் தண்ணீர், பித்தளை விளக்கு எல்லாவற்றுக்கும் விடுமுறை.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கனிமவியல் படித்தவன் அல்ல. சென்னைக்கு வெளியே ஒரு கார் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் இருபத்தாறு ஆண்டுகள் ரசாயனத் தொட்டிகளுக்குக் காவல் இருந்த வேதியியல்காரன். கல்லைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் தகட்டின் வழியாகத்தான்.

*

கேள்வி: ஐயா, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒரு ஜப்பானிய அனிமேஷன் தொடர் பார்க்கிறாள். அதில் எல்லாப் பாத்திரங்களும் ரத்தினங்கள். பச்சைத் தலைமுடியோடு வரும் முக்கியப் பாத்திரத்தின் பெயர், நீங்கள் எழுதிய அதே பாஸ்போபிலைட். கடினம் மூன்றரைதான் என்று சொல்லிச் சொல்லி அது உடைந்துகொண்டே இருக்கிறது. அப்படி ஒரு கல் உண்மையிலேயே இருக்கிறதா? பிறந்த நாளுக்கு மோதிரமாகக் கேட்கிறாள்.
— ஒரு வாசகி, மதுரை

பதில்: இருக்கிறது. அந்தத் தொடரை எழுதியவர் கல்லைச் சரியாகப் படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 3 முதல் 3.5 வரை. நம் கைவிரல் நகம் ஏறக்குறைய இரண்டரை. நகத்தால் கீற முடியாது. பேனாக்கத்தியால் சுலபமாகக் கீறிவிடலாம். கத்தி எதற்கு? வீட்டு அலமாரித் தூசியிலேயே குவார்ட்ஸ் மணல் இருக்கிறது, அதன் கடினம் 7. பாஸ்போபிலைட் மோதிரத்தைத் துணியால் துடைத்தாலே கோடு விழும்.

கோடு விழுவது சின்னத் தொல்லை. பெரிய தொல்லை பிளவு. கற்கண்டை உடைத்தால் கண்டபடி உடையும். இந்தக் கல்லின் உள்ளே அணுக்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. ஒரு திசையில் அந்த அடுக்குகளைப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்பு தளர்வானது. மெல்ல ஒரு தட்டு விழுந்தால் அந்தத் தளத்தில் பளிச்சென்று பிளந்துவிடும். வேறு இரண்டு திசைகளிலும் ஓரளவுக்குப் பிளக்கும். பெயரிலேயே இது இருக்கிறது: பாஸ்பேட்டோடு, இலையைக் குறிக்கும் 'பிலான்' என்ற கிரேக்கச் சொல்லைச் சேர்த்து வைத்த பெயர். ஏடு ஏடாகப் பிரியும் பாஸ்பேட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிறமற்றதும் உண்டு, புகழ்பெற்றது நீலம் கலந்த இளம்பச்சை. தண்ணீர் நிரம்பிய கல் கிணற்றை மதிய வெயிலில் எட்டிப்பார்த்தால் சுவரோரத்தில் ஒரு நிறம் தெரியுமே, ஏறக்குறைய அது. பட்டை தீட்டத் தகுந்த அளவில் நல்ல படிகம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும், சக்கரத்தில் வைத்தால் பிளந்துவிடுமோ என்ற பயம். முழுப் படிகமாகவே சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுக்கும்போது யார் அதை அறுக்கப் போகிறார்கள்? ஆகவே, அம்மா, இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு 'அசல் பாஸ்போபிலைட் மோதிரம்' என்று யாராவது விற்றால், அது பச்சைக் கண்ணாடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மகளுக்குக் கண்ணாடி மோதிரமே வாங்கிக் கொடுங்கள். கண்ணாடியின் கடினம் ஐந்தரை. கல்லைவிட அதிக நாள் உழைக்கும்.

*

கேள்வி: காரின் பெயின்ட்டுக்கு அடியில் ரத்தினம் என்றீர்கள். கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ரத்தினம் என்று நான் சொல்லவில்லை, கல் என்றேன். ஆனால் சந்தேகம் நியாயமானது. முதல் முறை கேட்டபோது எனக்கும் இதே சந்தேகம்.

கார் தொழிற்சாலையில், வெல்டிங் முடிந்து வரும் பாடி வெறும் சாம்பல் நிறத் தகடு. அதன்மேல் நேராகப் பெயின்ட் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும். பெயின்ட் பற்றிக்கொள்ள ஒரு சொரசொரப்பு வேண்டும். கீறல் விழுந்தாலும் துரு பரவாமல் தடுக்க ஒரு வேலி வேண்டும். இரண்டையும் கொடுப்பது பாஸ்பேட் படலம். எண்ணெய் கழுவும் தொட்டி, அலசல், 'ஆக்டிவேஷன்' தொட்டி, அதன்பின் பாஸ்பேட் தொட்டி. அங்கே 45 முதல் 55 டிகிரி சூட்டில், துத்தநாகமும் பாஸ்பாரிக் அமிலமும் கரைந்த நீரில், பாடி முழுக்க முழுகி இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். உள்ளே போகும்போது பளபளப்பு. வெளியே வரும்போது விபூதி பூசியதுபோல் மங்கல் சாம்பல்.

அந்த மூன்று நிமிடத்தில் நடப்பதைத்தான் நான் இருபத்தாறு ஆண்டுகள் வேடிக்கை பார்த்தேன். அமிலம் தகட்டை லேசாகக் கடிக்கும். இரும்பு கரையும், ஹைட்ரஜன் குமிழி விடும். கடித்த இடத்தில், தகட்டை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் மட்டும், அமிலத்தன்மை செலவாகிக் குறைந்துவிடும். அமிலம் குறைந்தால் துத்தநாக பாஸ்பேட்டால் கரைந்திருக்க முடியாது. படிகமாகத் தகட்டிலேயே இறங்கிவிடும். இறங்கும் துத்தநாக பாஸ்பேட்டுக்கு ஹோபைட் என்று பெயர். அதுவும் இயற்கையில் கிடைக்கும் கனிமம்தான்.

ஹோபைட்டின் ஒரு மூலக்கூறில் துத்தநாகத்துக்கு மூன்று நாற்காலிகள். இரண்டு சிறியவை: நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்த இறுக்கமான இடங்கள். மூன்றாவது சற்று விசாலம், ஆறு பேர் சூழ்ந்தது. அதில் நான்கு பேர் தண்ணீர். தகட்டிலிருந்து அப்போதுதான் கரைந்த இரும்பு அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது அல்லவா? அது அந்த விசாலமான மூன்றாவது நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு துத்தநாகம், ஒரு இரும்பு, இரண்டு பாஸ்பேட், நான்கு தண்ணீர். அதுதான் பாஸ்போபிலைட். பூமிக்கு அடியிலிருந்து எடுத்ததிலும் இதே கணக்கு. அங்கே இரும்பின் இடத்தில் கொஞ்சம் மாங்கனீசும் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். கணக்குப் போட்டால் எடையில் துத்தநாகம் 29 சதவீதம், இரும்பு 12 சதவீதம். தண்ணீர் 16 சதவீதம். கல்லுக்குள் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் என்பது இன்றும் எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஒரு சதுர மீட்டர் தகட்டில் இந்தப் படலத்தின் எடை 2 முதல் 3 கிராம். அரை டீஸ்பூன் உப்பு என்று சொல்லலாம். ஒவ்வொரு படிகமும் சில மைக்ரான் அகலம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ஹோபைட் நீளமான ஊசிகளாகவும் தட்டுகளாகவும் கிடக்கும். பாஸ்போபிலைட் கட்டை குட்டையாக, குருணை அரிசி கொட்டியதுபோல் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும்.

எங்கள் தொழிலில் 'பி ரேஷியோ' என்று ஓர் எண் உண்டு. தகட்டின்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, கிடைக்கும் வரைபடத்தில் பாஸ்போபிலைட்டின் சிகரம் எவ்வளவு, ஹோபைட்டின் சிகரம் எவ்வளவு என்று அளந்து, இரண்டின் கூட்டுத்தொகையில் பாஸ்போபிலைட்டின் பங்கைச் சொல்வது. ஒன்றுக்கு அருகே வந்தால் முகத்தில் சிரிப்பு. ஏனென்றால் அடுத்து வரும் இ.டி. தொட்டியில் பெயின்ட் ஏறுவது மின்சாரத்தால். அப்போது தகட்டின் பரப்பில் காரத்தன்மை ஏறும். ஹோபைட் காரத்தில் கரைந்து போகும். பாஸ்போபிலைட் அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அதன்பின் உலை. அந்தச் சூட்டில் ஹோபைட் தன் நான்கு தண்ணீரில் இரண்டை விட்டுவிடும். பிறகு மழையிலும் ஈரத்திலும் வண்டி ஓடும்போது இழந்ததைத் திரும்பக் குடிக்கப் பார்க்கும். குடித்தால் பருக்கும், பருத்தால் பெயின்ட்டின் பிடி தளரும். இந்த விஷயத்தில் பாஸ்போபிலைட் கொஞ்சம் பெரிய மனுஷன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த இதழில் அடி விழும். உங்கள் வண்டியில் இது கட்டாயம் இருக்கும் என்று சொல்ல முடியாது. துத்தநாக முலாம் பூசிய தகடு என்றால் கடிபடுவது துத்தநாகம். இரும்பு வெளியே வர வழியில்லை. ஹோபைட் மட்டுமே விளையும். பாஸ்பேட்டையே விட்டுவிட்டு சிர்கோனியம் கலந்த மெல்லிய படலத்துக்கு மாறிய தொழிற்சாலைகளும் உண்டு. முலாம் இல்லாத வெறும் எஃகுத் தகடு, முழுக்குத் தொட்டி — இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் தைரியமாகச் சொல்லலாம். தெளிப்பு முறையில் தாரை வேகத்தில் இரும்பு அடித்துக்கொண்டு போய்விடும், ஹோபைட்தான் அதிகம் வரும். முழுக்கும் முறையில்தான் இரும்பு தகட்டோடு ஒட்டி நிற்க நேரம் கிடைக்கிறது. நின்று நிதானித்தால்தான் நாற்காலி.

*

கேள்வி: மூன்று நிமிடத்தில் தொட்டியில் விளைகிற ஒன்று, பூமியில் மட்டும் ஏன் அபூர்வம்? எங்கெல்லாம் கிடைக்கிறது?
— ஒரு கல்லூரி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: நல்ல கேள்வி; நானும் வெகுநாள் யோசித்த கேள்வி. பூமியில் துத்தநாகத்துக்கும் பஞ்சமில்லை, பாஸ்பேட்டுக்கும் பஞ்சமில்லை. இரண்டும் வேறு வேறு இடத்தில் குடித்தனம் நடத்துகின்றன. துத்தநாகம் கந்தகத்தோடு சேர்ந்து ஸ்பேலரைட்டாகிவிடும். பாஸ்பேட் கால்சியத்தைக் கண்டால் விடாது. அபடைட்டாகிவிடும், நம் பற்களிலும் எலும்பிலும் இருப்பது அந்த வகைதான். இரண்டும் தத்தம் துணையை விட்டுப் பிரிந்து, ஒரே நீரில் கரைந்து, ஒரே பொந்தில் சந்திக்க வேண்டும். கால்சியம் அருகில் இருக்கக் கூடாது. இரும்பும் இருக்க வேண்டும். அதுவும் காற்றுப் பட்டுத் துருவாக மாறாத இளம் இரும்பாக. இத்தனையும் கூடிவருவது ஜாதகம் பொருந்துவதைவிடக் கஷ்டம். தொழிற்சாலையில் நாங்கள் டிரம் டிரம்மாக வாங்கி ஊற்றி, அந்தப் பொருத்தத்தைக் காசு கொடுத்து நடத்திவைக்கிறோம்.

இது முதன்முதலில் விவரிக்கப்பட்டது 1920-இல், ஜெர்மனியின் பவேரியாவில். செக் எல்லைக்குப் பக்கத்தில் ஹாகெண்டார்ஃப் என்ற சிற்றூர். அங்கே பெக்மடைட் என்ற கரடுமுரடான பாறையிலிருந்து பீங்கான் தொழிலுக்காக ஃபெல்ட்ஸ்பார் வெட்டினார்கள். அந்தப் பாறையின் நடுவில் டிரிபிலைட் என்ற லித்தியம் இரும்பு பாஸ்பேட் கட்டி கட்டியாக இருந்தது. (மின்சார வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும், எல்எஃப்பி பேட்டரியின் நேர்முனையில் இருப்பது இதே சேர்மம்தான்.) அதே பாறையில் ஸ்பேலரைட்டும் இருந்தது. வெந்நீர் உள்ளே புகுந்து இரண்டையும் கரைத்தது. ஒன்றிலிருந்து இரும்பும் மாங்கனீசும் பாஸ்பேட்டும், மற்றதிலிருந்து துத்தநாகம். பிரிந்த துணைகள் கூடிவிட்டன. இப்படிக் கரைந்து கூடிக் கலைந்ததில் பாஸ்போபிலைட் மட்டுமல்ல, உலகத்துக்கே புதிய இன்னும் பல பாஸ்பேட் கனிமங்களை ஹாகெண்டார்ஃப் கொடுத்தது. எல்லாம் பொடிப் பொடிப் படிகங்கள். பார்க்க லென்ஸ் வேண்டும்.

நகை ஆசை வர வைத்தது பொலிவியாவின் பொட்டோசி. நாலாயிரம் மீட்டர் உயரத்தில் நகரம். அதன் தலைமேல் செர்ரோ ரீக்கோ, செல்வ மலை. 1545-இல் அங்கே வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டு, ஸ்பானியப் பேரரசு அந்த மலையைக் குடைந்து குடைந்து உலகம் முழுவதும் நாணயமாக ஓடவிட்டது. பழங்குடி மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்துவந்து அதற்குள் இறக்கினார்கள். எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்ற கணக்குக்கு அங்கே மரியாதை இருந்ததில்லை. வெள்ளி வற்றிய பிறகு தகரமும் துத்தநாகமும். அந்த மலையின் யூனிஃபிகாடா சுரங்கத்தில் 1950-களில், அந்தக் கிணற்று நிறத்தில், விரல் நீளப் படிகங்கள் வெளிவந்தன. இன்றும் பெரிய அருங்காட்சியகங்களில் பாஸ்போபிலைட் என்று கண்ணாடிக்குள் வைத்திருப்பது பெரும்பாலும் பொட்டோசிக் கல்தான். அதற்குச் சமமாக வேறெங்கும் கிடைக்கவில்லை.

தென் ஆஸ்திரேலியாவின் ரீப்ஹூக் மலையிலும் இது உண்டு, ஆனால் சிறிய அளவில்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஹோபைட்டின் இடம். ஜாம்பியாவில் கப்வே, ஆங்கிலேயர் காலத்தில் புரோக்கன் ஹில். ஈயமும் துத்தநாகமும் எடுத்த சுரங்கம். அங்கே ஒரு குகையில் விலங்குகளின் எலும்புகள் குவியல் குவியலாகக் கிடந்தன. தாதுவிலிருந்து கசிந்த துத்தநாக நீர் எலும்பின் பாஸ்பேட்டோடு சேர்ந்து, எலும்புகளின்மேல் ஹோபைட்டாகவே படிந்துவிட்டது. அதாவது, எங்கள் தொட்டியில் நாங்கள் பாட்டிலில் வாங்கி ஊற்றும் பாஸ்பேட்டை அங்கே செத்த விலங்குகள் கொடுத்தன. 1921-இல் அதே சுரங்கத்தில்தான், தடித்த புருவ மேட்டோடு ஆதி மனிதனின் மண்டை ஓடு ஒன்று கிடைத்தது. வயது ஏறக்குறைய மூன்று லட்சம் ஆண்டு என்று 2020-இல் கணித்தார்கள். அது இப்போது லண்டனில் இருக்கிறது. திருப்பிக் கொடு என்று ஜாம்பியா கேட்டுக்கொண்டே இருக்கிறது. கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அது வேறு பக்கத்துக்கான விவாதம்.

*

கேள்வி: பழைய கார் தகட்டைச் சுரண்டி இந்தக் கல்லைச் சேர்த்து விற்க முடியுமா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: முடியாது. சுரண்டினால் வருவது பெயின்ட்டும் துருவும். முயற்சிக்கு வாழ்த்துகள்.

*

கேள்வி: ஐயா, நான் சிறிய அளவில் பவுடர் கோட்டிங் பட்டறை நடத்துகிறேன். ஏழு தொட்டி முறைதான். சில வாரங்களாகப் பாஸ்பேட் முடிந்து வரும் தகட்டில் மினுமினுவென்று ஏதோ தெரிகிறது. பவுடர் போட்ட பிறகு தட்டிப் பார்த்தால் உதிர்கிறது. ஆசிட் அளவு எல்லாம் சரியாக இருக்கிறது. ரசாயனம் விற்பவர் 'டோஸை ஏற்றுங்கள்' என்கிறார்.
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஏற்றாதீர்கள். அவருக்கு விற்பனை ஏறும், உங்களுக்குக் கசடு ஏறும்.

என் கதையைச் சொல்கிறேன், உங்கள் பதில் அதற்குள் இருக்கிறது. ஒரு மே மாதம். எங்கள் ஆலையில் கனிமநீக்க நீர் தயாரிக்கும் இயந்திரம் படுத்துவிட்டது. அதற்குள் உப்பைப் பிடித்துவைக்கும் பிசினை மாற்ற நான்கு நாள் ஆகும். வரிசையை நிறுத்த மேலே ஒப்புக்கொள்ளவில்லை. இரவுப் பணியில் யாரோ ஆக்டிவேஷன் தொட்டியை லாரித் தண்ணீரால் நிரப்பிவிட்டார்கள். காலையில் நான் போனபோது எனக்குச் சொல்லப்படவில்லை.

வழக்கம்போல ஆய்வறையில் உட்கார்ந்தேன். பாஸ்பேட் குளியலில் பத்து மில்லி எடுத்து, புரோமோபீனால் புளூ இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டைத் திறந்தேன். மஞ்சள் நீலமாக மாறிய இடத்தில் ஃப்ரீ ஆசிட் 0.8. பீனாப்தலீன் விட்டு இளஞ்சிவப்பு வரும்வரை போனேன். டோட்டல் ஆசிட் 22. இரண்டும் சரி. ஆக்சலரேட்டர், அதாவது படலம் விளைவதை வேகப்படுத்தும் ரசாயனம், எவ்வளவு என்று பார்க்க, வளைந்த கண்ணாடிக் குழாயில் குளியல் நீரை நிரப்பி, சல்ஃபாமிக் அமிலத் தூளைப் போட்டுக் கவிழ்த்தேன். வாயு எழும்பி நின்ற அளவும் சரி. ஏட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

பத்து மணிக்கு இ.டி. பகுதியிலிருந்து ஆள் வந்தார். "சார், கதவெல்லாம் உப்புத்தாள் மாதிரி வருது." போய்ப் பார்த்தேன். பாஸ்பேட் முடிந்து வந்த கதவை டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்தால், சாம்பல் பரப்பில் ஆயிரம் ஊசிமுனைகள் மின்னின. விரலால் தேய்த்தால் விரலில் வெள்ளைப் பொடி. சாதாரணமாகக் கண்ணுக்கே தெரியாத படிகம், வெறும் கண்ணுக்கு மினுங்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

விஷயம் இதுதான். ஆக்டிவேஷன் தொட்டியில் டைட்டானியம் பாஸ்பேட் கூழ்மமாக மிதக்கும். தகட்டின்மேல் அது கோடிக்கணக்கான புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு விதை. பாஸ்பேட் தொட்டியில் ஒவ்வொரு விதையிலும் ஒரு படிகம் முளைக்கும். விதை நெருக்கம் என்றால், பக்கத்து வீட்டுக்காரர் இடித்துக்கொண்டு நிற்பதால் யாரும் பெரிதாக வளர முடியாது. படலம் பொடியாக, அடர்த்தியாக, இடைவெளி இல்லாமல் மூடும். கால்சியம் நிறைந்த கடின நீர் பட்டால் அந்தக் கூழ்மம் திரிந்து போகும். பால் திரிவதைப் போலத்தான். விதைகள் குறைந்துவிட்டன. கிடைத்த சில விதைகளில், தடுக்க ஆளில்லாமல் படிகங்கள் இஷ்டத்துக்கு வளர்ந்தன. நடுநடுவே வெறும் தகடு. எடை அதிகம், பிடிப்பு குறைவு. ஆசிட்டின் அளவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் தவறு அந்தத் தொட்டியில் இல்லை. அதற்கு முந்தைய தொட்டியில்.

அன்று எத்தனை பாடிகளைத் திரும்ப உரித்தோம் என்பதை எழுத மாட்டேன். மேலாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் ஏட்டில் எல்லாம் சரி என்று கையெழுத்து இருக்கிறதே?" அந்தக் கையெழுத்து இன்றும் உறுத்துகிறது. தொட்டியைச் சோதித்தேன், தகட்டைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, பியூரெட்டைத் தொடுவதற்கு முன் ஒரு தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமல் நான் உட்கார்ந்ததில்லை.

ஆகவே உங்களுக்கு: ஆக்டிவேஷன் தொட்டிக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் விடை கிடைத்துவிட்டது. தொட்டியைக் காலி செய்து, கழுவி, ஆர்.ஓ. நீரில் புதிதாகக் கரையுங்கள். ஆக்டிவேஷனுக்கு ஆயுசும் குறைவு. சும்மா கிடந்தாலே கூழ்மம் கிழடு தட்டிவிடும். 'போன மாதம்தான் மாற்றினோம்' என்றால், தாமதம். பிறகும் மினுங்கினால் எழுதுங்கள்.

*

கேள்வி: பாஸ்பேட் பூசித் துருவைத் தடுப்பது யார் கண்டுபிடித்தது? ஜப்பான்காரர்களா?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: இல்லை. பர்மிங்ஹாமில் தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் என்பவர் 1906-இல் காப்புரிமை எடுத்தார். இரும்புத்தூள் போட்ட பாஸ்பாரிக் அமிலத்தில் பொருளைக் கொதிக்க வைப்பது, மணிக்கணக்கில். 1915-இல் டெட்ராய்ட்டில் பார்க்கர் நிறுவனம் அதை வியாபாரமாக்கியது. துப்பாக்கிகளுக்குப் பூசும் 'பார்க்கரைசிங்' அந்தப் பெயர்தான். பிறகு துத்தநாகம் வந்தது, ஆக்சலரேட்டர் வந்தது. மணிக்கணக்கு நிமிடக் கணக்கானது.

*

கேள்வி: நம் பக்கத்தில் குறிப்பிடத்தக்க பாஸ்பேட் கனிமம் ஏதாவது உண்டா?
— ஒரு மாணவி, நாகர்கோவில்

பதில்: உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம், மணவாளக்குறிச்சி. அங்கே கடற்கரைக் கருமணலில் மோனசைட் இருக்கிறது: சீரியம், லாந்தனம் முதலிய அருமண் உலோகங்களும் தோரியமும் கொண்ட பாஸ்பேட். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து மோப்பம் பிடித்து வந்த கதை பலருக்குத் தெரியும். அந்தக் காலத்து காஸ் விளக்கின் வலைக்குத் தோரியம் தேவைப்பட்டது. திருச்சிப் பக்கம் காரை, ஊட்டத்தூர் களிமண்ணில் கால்சியம் பாஸ்பேட் உருண்டைகள் கிடைக்கும். டைனோசர் காலத்துக் கடல் விட்டுப்போனவை. இலங்கையில் எப்பாவலையில் அபடைட் மலையே இருக்கிறது.

*

கேள்வி: பாஸ்போபிலைட்டுக்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் வைக்கக் கூடாதா? ஹோபைட், டிரிபிலைட் என்று வாயில் நுழையாத பெயர்களாகவே எழுதுகிறீர்கள்.
— ஒரு தமிழாசிரியர், புதுக்கோட்டை

பதில்: ஐயா, 'ஏட்டுக்கல்' என்று ஒரு நாள் யோசித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மைக்காவும் ஏடு ஏடாகத்தான் பிரிகிறது, ஜிப்சமும் அப்படியே. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டுக் கடைக்குப் போனால் எதைக் கொடுப்பார்கள்? ஹோபைட் என்பது ஒரு மனிதரின் பெயர்: எடின்பரோவில் வேதியியல் சொல்லிக்கொடுத்த தாமஸ் சார்லஸ் ஹோப். நான்கு டிகிரியில் தண்ணீர் அதிக அடர்த்தி என்று காட்டியவர். அவர் பெயரை மொழிபெயர்த்து 'நம்பிக்கைக்கல்' ஆக்கிவிடலாம்; ஆனால் அவர் அதை ரசிப்பாரா என்று தெரியவில்லை.

*

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்களே, பூமியில் விளைந்த பாஸ்போபிலைட்டை உங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: ஒன்று வைத்திருக்கிறேன். நான் ஓய்வு பெற்ற ஆண்டு, ரசாயனம் வழங்கும் நிறுவனத்தின் ஜெர்மன் பொறியாளர் ஒருவர் வந்திருந்தார். எத்தனையோ ஆண்டுகள் இந்தக் கல்லின் எக்ஸ் கதிர்ச் சிகரத்தைப் பற்றி இருவரும் சண்டை போட்டிருக்கிறோம். அசலை இருவருமே பார்த்ததில்லை என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது பேச்சு வந்தது. அதை அவர் மறக்கவில்லை. ஊருக்குப் போய்க் கல் சந்தையில் தேடி, ஹாகெண்டார்ஃப் பாறைத் துண்டு ஒன்றை ஹோமியோபதி மாத்திரைக் குப்பியில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்தார்.

பழுப்பாக, கட்டெறும்பு தின்ற வெல்லக்கட்டிபோல ஓட்டை ஓட்டையாக ஒரு துண்டு. அதன் ஒரு பொந்தில், கடுகில் பாதி அளவில், நிறமே இல்லாத ஒரு சில்லு. லென்ஸில் பார்த்தால் ஒரு முகம் கண்ணாடிபோல் சமதளம். வெளிச்சத்தில் திருப்பினால் ஒரு கணம் மினுக்கிவிட்டு அணைந்துவிடும். என் மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, "இதற்கா இத்தனை வருஷம் ராத்திரி ஷிஃப்ட்?" என்று கேட்டாள்.

அதைப் பீரோவில், அந்த மே மாதத்துக் கதவிலிருந்து வெட்டி எடுத்த உள்ளங்கை அளவுத் தகட்டோடு ஒரே டப்பாவில் வைத்திருக்கிறேன். தகட்டுக்கு எண்ணெய் தடவி, மெழுகுத்தாளில் சுற்றியிருக்கிறேன். போன வாரம் உங்கள் கடிதம் வந்தபிறகு இரண்டையும் எடுத்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். மினுக்கத்தில் தகடுதான் ஜெயித்தது.